தங்கம் அசல், காசு அசலா?

ஜெர்மனியில் பாட்டனோ பாட்டியோ காலமாகி வீட்டை ஒழிக்கும்போது, அலமாரியின் அடியறையில் துணியில் முடிந்து வைத்த ஒரு தங்கக் காசு அகப்படுவது அபூர்வமில்லை. ஒரு பக்கம் மீசை வைத்த மன்னனின் தலை. மறுபக்கம் சிறகு விரித்த கழுகு, சுற்றிலும் '20 மார்க்' என்ற எழுத்து. அது ஏன் அங்கே கிடக்கிறது என்பதை அந்த நாட்டின் வரலாறே சொல்லிவிடும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும், காகிதப் பணத்துக்கு ஈடாகத் தங்கம் தரும் பொறுப்பை ஜெர்மானிய மைய வங்கி நிறுத்திக்கொண்டது. போருக்குத் தங்கம் கொடுங்கள் என்று அரசு கேட்டது. பலர் கொடுத்தார்கள்; சிலர் ஒளித்துவைத்தார்கள். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தபோது, சேமிப்புக் கணக்கில் இருந்த பணம் ஒரு ரொட்டிக்குக்கூடக் காணவில்லை. ஒளித்துவைத்த காசு அப்படியே இருந்தது. 1938இல் இந்தக் காசுகள் சட்டப்படி செல்லாதவை ஆன பிறகும் வீடுகளில் அவை தங்கிவிட்டன.

நம் வீடுகளிலும் இதே கதைதான், மன்னன் மட்டும் வேறு. காசு மாலையில் கோத்த ஜார்ஜ் மன்னர் தலைப் பவுன்கள், மாமியார் மருமகளுக்குக் கொடுத்த விக்டோரியா ராணிக் காசு, இலங்கையிலிருந்து ஜெர்மனிக்குப் போன குடும்பங்கள் கைக்குள் பொத்திக்கொண்டு போன சவரன்கள். எந்தக் காசாக இருந்தாலும், கைக்கு வந்தவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இது அசலா, போலியா?

கேள்வியை இரண்டாகப் பிரிப்போம்

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இது தங்கமா என்பது முதல் கேள்வி. காசில் எழுதியிருக்கும் ஆண்டில், எழுதியிருக்கும் அரசின் நாணயச்சாலையில் இது அடிக்கப்பட்டதா என்பது இரண்டாவது. முதல் கேள்வி உலோகத்தைப் பற்றியது. அதற்கு இயற்பியல் பதில் சொல்லும், பெரும்பாலும் சமையலறையிலேயே சொல்லிவிடும். இரண்டாவது ஒரு பழைய நிகழ்ச்சியைப் பற்றியது. அதற்கு உலோகம் தனியாகப் பதில் சொல்லாது. அச்சு, எழுத்து, ஆவணம் எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஆசாரியின் உரைகல்லில் தேய்த்து 'நல்ல தங்கம்' என்று கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் திரும்பும் வாரிசு, முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலான ஏமாற்றங்கள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தச் சோதனையும் ஒரு காசை அசல் என்று நிரூபிப்பதில்லை. போலியாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு மட்டுமே ஒவ்வொரு சோதனைக்கும் உண்டு. ஒன்றில் தோற்றால் காசு போலி. ஒன்றில் தேறினால், அந்த ஒரு வகைப் போலி இல்லை என்பதுதான் தெரியும். ஒன்றையொன்று சாராத பல சோதனைகளில் தேறிய காசின் மேல்தான் நம்பிக்கை படிப்படியாக உயரும்.

தண்ணீர்க் குவளையில் ஒரு கணக்கு

ஜெர்மானியப் பேரரசின் 20 மார்க் காசையே எடுத்துக்கொள்வோம். 1871, 1873ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதன் உடலைத் துல்லியமாக வரையறுத்துவிட்டன. அரைக் கிலோ சுத்தத் தங்கத்திலிருந்து 1,395 மார்க் மதிப்புக்குக் காசு அடிக்க வேண்டும். ஆயிரத்தில் 900 பங்கு தங்கம், மீதி 100 பங்கு செம்பு. சுத்தத் தங்கம் மென்மையானது, கைமாறக் கைமாறத் தேய்ந்துபோகும் என்பதால் இந்தச் செம்பு. கணக்குப் போட்டால் ஒரு காசின் எடை 7.965 கிராம், அதில் தங்கம் 7.168 கிராம். விட்டம் 22.5 மில்லிமீட்டர். நம் சவரன் 7.988 கிராம், 22 காரட். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடைதான்.

முதலில் எடை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். புதுக்காசு சட்ட எடையிலிருந்து ஆயிரத்தில் இரண்டரைப் பங்குக்கு மேல் விலகக் கூடாது. புழக்கத்தில் தேய்ந்து ஆயிரத்தில் ஐந்து பங்கு வரை குறைந்தாலும் முழு மதிப்புக்கே ஏற்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே 7.93 கிராம் காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. 7.6 கிராம் காட்டினால் ஏதோ தவறு இருக்கிறது.

எடை மட்டும் சரியாக இருப்பது போதாது. காசைத் தடிமனாக்கி எந்த உலோகத்திலும் அந்த எடையைக் கொண்டுவந்துவிடலாம். எனவே அடுத்து அடர்த்தி, அதாவது ஒரே அளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பது. தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசில் ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், அந்த எண்ணே காசின் கன அளவும் ஆகும். அசல் 20 மார்க் காசுக்குத் தராசு 0.46 கிராம் காட்டும். 7.96ஐ 0.46ஆல் வகுத்தால் 17.3. தொண்ணூறு சதத் தங்கமும் பத்து சதச் செம்பும் கலந்தால் வர வேண்டிய அடர்த்தி ஏறக்குறைய அதுதான்.

அதே எடையுள்ள பித்தளைக் காசு என்றால் தராசு 0.94 காட்டும், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈயத்தில் முலாம் பூசியிருந்தால் 0.70. ஜெர்மானிய நகைக்கடைகளில் சாதாரணமாக விற்கும் 585 மாற்றுத் தங்கம், அதாவது 14 காரட், என்றால் 0.60 அளவில் நிற்கும். இந்த இடைவெளிகள் பெரியவை. கை சற்று நடுங்கினாலும் முடிவு மாறாது. ஆனால் இந்தத் தராசின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நூறில் ஒரு கிராம் பிசகினாலே 17.3 என்பது 16.9 ஆகவோ 17.7 ஆகவோ மாறிவிடும். ஆகவே 900 மாற்றையும் சவரனின் 917 மாற்றையும் இந்தக் குவளை பிரித்துச் சொல்லாது. சவரனுக்கு இதே தராசு 0.45 அளவில்தான் காட்டும். காசில் மாலைக்காக வளையம் பற்றவைத்திருந்தாலோ, பற்றவைத்து நீக்கியிருந்தாலோ, எடையும் அடர்த்தியும் இரண்டுமே சற்று விலகும். நம் குடும்பங்களின் காசுகளில் பலவற்றுக்கு இந்த நிலைதான் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டங்ஸ்டன் என்ற நியாயமான சந்தேகம்

தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனின் அடர்த்தியும் ஏறக்குறைய அதே 19.3. பல மடங்கு மலிவான இந்த உலோகத்தை உள்ளே வைத்து மேலே தங்கம் போர்த்தினால் தண்ணீர்ச் சோதனை ஏமாந்துபோகாதா? இது வெறும் கற்பனை பயம் இல்லை. ஹானாவ் நகரின் ஹெரேயஸ் உருக்காலைக்கு வந்த அரைக் கிலோத் தங்கக் கட்டி ஒன்றின் உள்ளே டங்ஸ்டன் இருந்ததை 2010இல் ஜெர்மானியத் தொலைக்காட்சி காட்டியது.

ஆனால் கட்டி வேறு, பழைய காசு வேறு. முதலாவதாக, 20 மார்க் காசு சுத்தத் தங்கம் இல்லை. அதன் அடர்த்தி 17.3. உள்ளே டங்ஸ்டனை வைத்தால் காசு தேவைக்கு மேல் கனத்துவிடும். அதை ஈடுகட்ட மேலே மட்டமான தங்கத்தைப் போர்த்த வேண்டும். அப்போது நிறமும் மேற்பரப்புச் சோதனையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதாக, டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும், அது கடினமானது, எளிதில் நொறுங்குவது. சராசரியாக ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமனுள்ள காசுக்குள் அதை வைத்து, இரு பக்கமும் மீசை மயிரும் கழுகின் இறகும் துல்லியமாகப் பதியும்படி அடிப்பது எளிதான வேலையில்லை. இத்தனை பாடுபட்டு 7 கிராம் தங்கத்தை மிச்சப்படுத்துவதைவிட, கனத்த கட்டியில் இதே வேலையைக் காட்டுவது மோசடிக்காரருக்கு லாபம். சந்தேகம் தீரவில்லை என்றால் கருவிகள் இருக்கின்றன. தங்கத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3,200 மீட்டர் வேகத்திலும், டங்ஸ்டனில் 5,200 மீட்டர் வேகத்திலும் செல்லும். இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும் அளவும் வேறு. நகைக்கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ் கதிர்க் கருவி மாற்றைச் சில நொடிகளில் சொல்லும். ஆனால் அது பார்ப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்தை மட்டுமே. தடித்த முலாமுக்கு அது தனியாகப் போதாது; தண்ணீர்க் குவளையோடு சேர்ந்தால் போதும்.

தங்கம் வயதைச் சொல்லாது

இதுவரை முதல் கேள்வி. காசு உண்மையான தங்கம் என்று தெரிந்துவிட்டது. இது 1890இல் அடித்ததா, 1960இல் அடித்ததா?

மற்ற உலோகங்கள் இந்த இடத்தில் உதவும். 1999இல் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் நெப்ரா அருகே புதையல் தேடிகள் தோண்டியெடுத்து விற்ற வெண்கல வான்தட்டு அசல்தானா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனபோது, அதன் மேல் மெதுவாக வளர்ந்த பச்சைச் செம்புப் படிகங்களும், வெண்கலத்திலிருந்த ஈயத்தின் கதிரியக்கம் முற்றிலும் அடங்கிப்போயிருந்ததும் அதன் பழமைக்குச் சாட்சி சொன்னன. தங்கத்திடம் அப்படி எதுவும் கிடைக்காது. துருப்பிடிக்காது, களிம்பேறாது, காற்றோடும் தண்ணீரோடும் சேராது. மனிதன் அதைச் செல்வமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமான அதே குணம், ஆராய்ச்சியாளருக்கு வயதை மறைத்துவிடுகிறது.

ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு. மண்ணிலிருந்து எடுத்த தங்கத்தில் கொஞ்சம் வெள்ளியும், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் சுவடும் இருக்கும். 1874இல் ஹாம்பர்க் நகரில் எமில் வோல்வில் என்ற வேதியியலாளர் மின்சாரத்தின் உதவியால் தங்கத்தைச் சுத்திகரிக்கும் முறையைக் கண்டார். அதன் பின் 99.99 சதச் சுத்தம் சாத்தியமானது. ஆகவே நடுக்காலத்துக் காசு என்று சொல்லிக்கொண்டு வரும் ஒன்றில் இந்தச் சுவடுகளே இல்லை என்றால், அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் பின் பிறந்தது என்று துணிந்து சொல்லலாம். பேரரசுக் காசுகளோ சரியாக அந்த எல்லைக் காலத்தில் பிறந்தவை. அவற்றுக்கு இந்தச் சான்று அதிகம் உதவாது.

ஹோஃப்ராட் பெக்கரின் அச்சுகள்

உலோகம் சரியாக இருந்தும் காசு போலியாக இருக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. 1772இல் ஷ்பையர் நகரில் பிறந்து, ஓஃபன்பாக் நகரில் வாழ்ந்து, 1830இல் இறந்தவர். ஈசன்பர்க் இளவரசரின் நூலகராக இருந்து 'ஹோஃப்ராட்', அதாவது அரசவை ஆலோசகர், என்ற பட்டம் பெற்றவர். கிரேக்க, ரோமானிய, நடுக்காலக் காசுகளுக்குத் தம் கையாலேயே எஃகு அச்சு வெட்டினார். வெறும் தங்கத்தை அச்சில் வைத்து அடிப்பதோடு நிற்கவில்லை. விலை குறைந்த உண்மையான பழங்காசுகளை எடுத்து, அவற்றின் மேலேயே அரிய காசின் அச்சை அடித்தார். அந்த உலோகம் உண்மையாகவே பழையது. எந்த உரைகல்லும் எக்ஸ் கதிரும் அதில் குற்றம் காண முடியாது. புதுப்பொலிவை மறைக்க, கொழுப்பும் இரும்புத்தூளும் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு வண்டியின் அடியில் கட்டி ஊர் சுற்றிவருவார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி.

பெக்கரை உலோகம் காட்டிக்கொடுக்கவில்லை, அச்சு காட்டிக்கொடுத்தது. பழங்கால நாணயச்சாலையில் அச்சுகள் தேய்ந்து உடையும், புதியவை வெட்டப்படும். ஒரே வகைக் காசுக்குப் பல அச்சுகள் இருக்கும். பெக்கரிடம் ஒரு வகைக்கு ஓர் இணை அச்சு. ஒரே அச்சில் பிறந்த காசுகள் வெவ்வேறு சேகரிப்புகளில் முளைக்கும்போது, அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அவருடைய அச்சுகள் கடைசியில் 1911இல் பெர்லின் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்நகரின் போடே அருங்காட்சியகத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான பொருள்களைக் கொண்ட நாணயப் பிரிவின் உடைமையாக அவை இருக்கின்றன. ஒரு காலத்தில் ஏமாற்றிய அந்த எஃகுத் துண்டுகளே இன்று போலியை அடையாளம் காட்டும் அளவுகோல்கள்.

தேய்மானமும் கீறலும் பழமையைக் காட்டாவா என்று கேட்கலாம். காட்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. 1713இல் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஸ்பான்சியன் என்ற ரோமானிய மன்னனின் தங்கக் காசுகள் வெகு காலம் போலி என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கீறல்களையும் ஒட்டிய மண்ணையும் பார்த்து அவை அசலே என்றார்கள். நாணயவியல் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை: காசுகள் அடித்தவை அல்ல, வார்த்தவை, எழுத்தும் உருவமும் அந்தக் கால ரோமானிய வழக்கோடு ஒட்டவில்லை. என் தீர்ப்பு அறிஞர்களின் பக்கமே. இரும்புத்தூள் பெட்டியை நினைத்தால், கீறலைப் போலியாக உண்டாக்குவது அச்சைப் போலியாக உண்டாக்குவதைவிட எளிது என்பது விளங்கும்.

எழுத்து, ஆண்டு, கழுகு

20 மார்க் காசுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெய்ரூட்டிலும் இத்தாலியிலும் பழங்கால அரசுகளின் தங்கக் காசுகளைச் சரியான எடையில், உண்மையான தங்கத்திலேயே அடித்து விற்றார்கள். காசுக்கு வெறும் தங்கத்தைவிடக் கூடுதல் விலை கிடைத்ததால் அந்த வித்தியாசமே லாபம். தண்ணீர்க் குவளை இவற்றை அசல் என்றே சொல்லும்.

இங்கேதான் ஏட்டறிவு கைகொடுக்கிறது. மன்னனின் கழுத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்து நாணயச்சாலையைக் குறிக்கும். ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஷ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, ஜே ஹாம்பர்க். பி எழுத்துக்குரிய ஹனோவர் 1878இலும், சி எழுத்துக்குரிய ஃபிராங்ஃபர்ட் 1879இலும், எச் எழுத்துக்குரிய டார்ம்ஷ்டாட் 1882இலும் மூடப்பட்டன. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அரியணை ஏறியது 1888இல். எனவே அவர் தலையும் பி எழுத்தும் ஒரே தங்கக் காசில் சேர்ந்திருந்தால், சோதனைச்சாலைக்கே போக வேண்டாம். பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் 99 நாட்களே ஆண்டார். அவர் தலை 1888 தவிர வேறு ஆண்டில் வர வழியில்லை. மறுபக்கக் கழுகு 1889 வரை சிறியது, 1890 முதல் பெரியது. காசின் விளிம்பைச் சுற்றி 'கோட் மிட் உன்ஸ்', அதாவது 'கடவுள் நம்மோடு', என்ற வாசகம் இருக்க வேண்டும். அது சீராக, தெளிவாக இருக்க வேண்டும்.

பட்டியலோடு ஒத்துப்போகும் போலியைப் பிடிக்க லென்ஸ் வேண்டும். வார்த்த காசில் நுண்துளைகளும் மழுங்கிய எழுத்தோரங்களும் தெரியும். அசல் காசிலிருந்து பிரதியெடுத்த அச்சில், அந்த ஓர் அசலின் மேல் தற்செயலாக விழுந்த பள்ளமும் சேர்ந்து பதிந்துவிடும். பிறகு அந்த அச்சில் பிறந்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே பள்ளம் இருக்கும். புழக்கத்தில் விழும் காயம் இரண்டு காசுகளில் ஒரே மாதிரி அமைவதில்லை.

கரடுமுரடான அசலும் உண்டு

வேலைப்பாடு மட்டமாக இருந்தால் போலி என்று முடிவு கட்டுவதும் பிழை. 1916இல் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்கா பிரிட்டிஷ் முற்றுகையில் தாய்நாட்டோடு தொடர்பற்றுக் கிடந்தபோது, தபோரா நகரின் ரயில்வே பட்டறையில் உள்ளூர்ச் சுரங்கத் தங்கத்தைக் கொண்டு 15 ரூபாய்த் தங்கக் காசு அடித்தார்கள். மலைக்கு முன்னால் தும்பிக்கை தூக்கிய யானை. அதன் அச்சை வெட்டியவர் இலங்கையிலிருந்து போன சிங்களப் பொற்கொல்லர் என்று நாணய நூல்கள் குறிப்பிடுகின்றன. தங்கம் 750 மாற்று மட்டுமே, அடிப்பில் சீரில்லை. பெர்லின் காசின் அளவுகோலால் அளந்தால் அது எல்லாச் சோதனையிலும் தோற்கும். ஆனாலும் அது அசல், இன்று ஏலக்கூடங்கள் தேடும் காசு. ஒரு காசை அதன் சொந்தப் பட்டறையோடுதான் ஒப்பிட வேண்டும்.

தங்கம்தானே, அது போதாதா?

முழுத் தங்கத்தில் அடித்த போலியால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். பெர்லினில் லட்சக்கணக்கில் அடித்த சாதாரண ஆண்டுக் காசுக்கு இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அதன் விலை தங்கத்தின் விலையை ஒட்டியே நிற்கும். ஆனால் 1895இல் ஜெர்மானிய நியூகினிக்காக அடித்த, சொர்க்கப் பறவை பொறித்த 20 மார்க் காசில் இருப்பதும் அதே 7.168 கிராம் தங்கம்தான். அடித்தது 1,500 மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலையில் தங்கத்தின் பங்கு மிகச் சிறியது. மீதி முழுவதும் அந்த ஆண்டுக்கும் அந்த அச்சுக்கும் உரியது. போலி திருடுவது அந்தப் பங்கைத்தான். பொருளின் வழியாகக் கடந்த காலத்தைப் படிக்கும் வரலாற்று மாணவருக்கோ போலி பொய்ச்சாட்சி.

'பாட்டி வைத்திருந்தது, போலியாக இருக்காது' என்பது இன்னொரு வாதம். பாட்டியின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் பெய்ரூட் போலிகளுக்கே இப்போது அறுபது, எழுபது வயது. நல்லெண்ணத்தோடு வாங்கிய ஒருவரின் பெட்டியிலிருந்து அவை மரபுரிமையாக வந்துகொண்டிருக்கின்றன. குடும்பத்தில் 1914க்கு முன்பே இருந்தது என்பதற்கு உயிலோ கடிதமோ பழைய புகைப்படமோ இருந்தால், அது எந்தக் கருவிக்கும் குறையாத சான்று.

ஆகவே, இப்படி ஒரு காசு கைக்கு வந்தால் அதை ஒருபோதும் பாலிஷ் போடாதீர்கள், உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள், புதிதாக வளையம் பற்றவைக்காதீர்கள். மேற்பரப்பில் உள்ள சாட்சியம் அழிந்தால் மீளாது. எடை, விட்டம், தண்ணீர்க் கணக்கு மூன்றையும் குறித்துக்கொண்டு, இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, அதோடு வந்த காகிதத் துண்டு எதுவானாலும் சேர்த்து வையுங்கள். பிறகும் ஐயம் இருந்தால், ஜெர்மனியில் தொழில் வணிகச் சபைகள் நியமித்து உறுதிமொழி வாங்கிய நாணய நிபுணர்கள் இருக்கிறார்கள். உருக்கும் கடைக்குப் போவதற்கு முன் அவர்களிடம் போங்கள்.